பிடிக்கிறவன் கையைக் கட்டலாமா?

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டிய அன்றே, எழுதினால் கபடியைப் பற்றித்தான் எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன். காதலைப் பற்றி எழுத நம் வகுப்பிலேயே இருபது பேர் இருக்கிறார்கள். நட்பைப் பற்றி எழுத மீதிப் பேர் இருக்கிறார்கள். ஆனால் கபடியில் கார்னரில் நிற்கிறவனைப் பற்றி எழுத யார் இருக்கிறார்கள்? அதனால்தான் இந்தத் துணிச்சல்!

ஆமாம், நான் ரைடர் இல்லை. இடது கார்னர். பாடிப் போகிறவனின் பெயரை மைக்கில் கத்துவார்கள். புள்ளி எடுத்து வந்தால் தோளில் தூக்குவார்கள். அவனுடைய கணுக்காலைப் பிடித்து மண்ணில் புரள்கிறவனுடைய பெயரை யாரும் கேட்பதில்லை. "அந்தக் கட்டையா இருக்கிற பையன்" என்பார்கள், அவ்வளவுதான். ஊர்ப் போட்டிகளில் எனக்குக் கிடைத்திருக்கும் பட்டப் பெயர் அதுதான். பரவாயில்லை. 'கில்லி' படத்தில்கூட ஹீரோ பாடிப் போனால்தானே கைதட்டல்!

இந்தப் புகழ் விஷயத்தை விட்டுவிடலாம். நான் கேட்க நினைப்பது வேறு ஒரு கேள்வி. ஒரு விளையாட்டில் தடுக்கிறவன் ரொம்பவும் நன்றாகத் தடுக்கிறான், அதனால் பார்க்கிறவனுக்குச் சலிப்பாக இருக்கிறது என்று சொல்லி, அவன் கையைக் கட்டுவது போல விதியை மாற்றலாமா?

இந்தக் கேள்வி எனக்கு வந்தது ஒரு அமெரிக்க விளையாட்டால். பேஸ்பால் என்று ஒன்று உண்டு. நம்ம கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒவ்வொரு ஆட்டக்காரனும் பந்தை எந்தப் பக்கம் அதிகம் அடிக்கிறான் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டார்கள். இடக்கை ஆட்டக்காரன் பெரும்பாலும் வலது பக்கம் அடிக்கிறானா? சரி, உள்வட்டத்தில் இருக்கும் நாலு பேரில் மூன்று பேரை அந்தப் பக்கமே நிறுத்து! அடித்த அடியெல்லாம் கைக்குப் போயிற்று. 2023-ஆம் ஆண்டு அங்குள்ள மேஜர் லீக்கில் விதியை மாற்றினார்கள். பந்து வீசும்போது உள்வட்டத்து நாலு பேரில் இரண்டு பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம்தான் நிற்கவேண்டும். காலும் உள்வட்டத்து மண்ணுக்குள் இருக்கவேண்டும். வெளியே போய் நிற்கக் கூடாது.

ஹாஸ்டலில் ஒரு நண்பன் இதைப் போனில் காட்டிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தடுக்கிறவன் மூளையைப் போட்டு யோசித்து ஒரு இடத்தில் போய் நிற்கிறான். "அங்கே நிற்காதே" என்கிறார்கள். நாளைக்கு என்னையும் "இடது கார்னரில் நிற்காதே" என்றால்?

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நம்ம கபடியிலும் விதி எத்தனையோ முறை மாறித்தானே வந்திருக்கிறது? நாம் இன்றைக்கு ஆடும் கபடி ஆதியிலிருந்து அப்படியே வந்தது அல்ல. பழைய சடுகுடுவில் கடிகாரம் கிடையாது. மூச்சுதான் கடிகாரம். பாட்டு அறுந்தால் ஆள் அவுட். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வழக்கம். சஞ்சீவினி, காமினி, அமர் என்று மூன்று வகை ஆட்டங்கள் இருந்தன. காமினியில் அவுட் ஆனவன் திரும்ப உள்ளே வர முடியாது, அணி முழுவதும் அவுட் ஆகும்வரை வெளியேதான். சஞ்சீவினியில் எதிரணியில் ஒருவன் அவுட் ஆனால் நம்மில் ஒருவன் உயிர்பெற்று வரலாம். இன்றைய கபடி இந்தச் சஞ்சீவினியின் வழியில் வந்தது. 1923-ல் பரோடாவில் விதிகள் அச்சில் வந்தன. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியிலிருந்து போன குழு வெள்ளைக்காரர்களுக்கு ஆடிக் காட்டியது. 1990-ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்கப் போட்டியானது, தங்கம் நமக்கு வந்தது. இத்தனை தூரம் வந்த ஆட்டத்தில் விதி மாறாமல் இருக்குமா?

ஆகவே 'மாற்றலாமா, கூடாதா' என்பது சரியான கேள்வி இல்லை. எந்த மாற்றம் நியாயம், எது அநியாயம் என்பதுதான் கேள்வி.

கபடி மைதானத்தில் இருக்கும் கோடுகளைக் கவனித்திருக்கிறீர்களா நண்பர்களே? ஆண்கள் மைதானம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ஒரு கோடு. அதுதான் பால்க் லைன். அங்கிருந்து இன்னும் ஒரு மீட்டர் உள்ளே இன்னொரு கோடு, போனஸ் லைன். இந்த இரண்டு கோட்டுக்கும் வேலை என்ன?

பால்க் லைன் ரைடருக்காகப் போட்டது. நடுக்கோட்டுப் பக்கத்திலேயே நின்று "கபடி கபடி" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிடக் கூடாது. யாரையும் தொடாமல் திரும்புவதானால் அந்தக் கோட்டையாவது தாண்டிவிட்டுத்தான் திரும்பவேண்டும். இல்லாவிட்டால் அவுட்.

போனஸ் லைன் எங்களுக்காகப் போட்டது. ஏழு பேரும் போய்க் கடைசிக் கோட்டில் சுவரோடு சுவராக நின்றுகொண்டால் ரைடர் யாரைத் தொடுவான்? அப்படி ஒதுங்கி நின்றால், அவன் ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் வைத்து, மற்றக் காலை அந்தரத்தில் தூக்கி, ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அதனால் நாங்கள் முன்னே வந்துதான் ஆகவேண்டும். ஆனால் இதில் ஒரு நியாயம் பாருங்கள். தடுப்பவர்கள் ஆறு பேரோ ஏழு பேரோ இருக்கும்போதுதான் இந்தப் போனஸ். ஐந்து பேராகக் குறைந்துவிட்டால் போனஸ் கிடையாது. இளைத்தவனிடம் போய்ப் பிடுங்காதே என்று விதியே சொல்கிறது!

ஒரு கோடு அவனுக்கு, ஒரு கோடு நமக்கு. இரண்டு கோடும் சொல்வது ஒன்றுதான்: "மைதானத்துக்கு வந்துவிட்டாய், ஆடு!" பிடிக்காதே என்று எந்தக் கோடும் சொல்லவில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது ரைடு!

தொடர்ந்து இரண்டு முறை ரைடர்கள் வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவது முறை போகிறவன் புள்ளி எடுத்தே ஆகவேண்டும். எடுக்காவிட்டால் அவன் அவுட். டூ ஆர் டை. 2014-ல் புரோ கபடி லீக் ஆரம்பித்த பிறகு டி.வி. பார்க்கும் பாட்டிக்குக்கூட இது தெரியும். இதை ஏன் வைத்தார்கள் என்று எனக்குப் புத்தகத்தில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஊர் அணியே அதற்கு நல்ல உதாரணம்.

நான் பாலிடெக்னிக்கில் சேருவதற்கு முந்தைய பொங்கல். செங்கம் பக்கத்தில் ஒரு ஊரில் காணும் பொங்கலன்று போட்டி. அங்கே மூன்றாவது ரைடு விதி வைக்கவில்லை. எதிரணி பெரிய அணி. ஷூ, பனியன், பின்னால் நம்பர், எல்லாம் உண்டு. தினமும் கோச் வைத்துப் பயிற்சி எடுப்பவர்கள். எங்கள் அணியில் பாதிப் பேர் காலையில் கரும்பு வெட்டிவிட்டு வந்தவர்கள். எப்படியோ இரண்டு புள்ளி முன்னால் இருந்தோம். இன்னும் ஆறு நிமிடம். எங்கள் கேப்டன் அண்ணன் ரைடரைக் கூப்பிட்டு, "டேய், யாரையும் தொட வேணாம். சும்மா போய்ட்டு வா. முப்பது செகண்டும் நின்னுட்டு வா" என்றார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரைடுக்கு 30 விநாடி. ஆறு நிமிடத்தில் 12 ரைடு. எங்களுக்கு ஆறு, அவர்களுக்கு ஆறு. எங்களுடைய ஆறையும் அப்படியே தின்றுவிட்டால் பாதி நேரம் போயிற்று. அவர்களுடைய ஆறில் நாங்கள் பின்னால் ஒதுங்கி, மாட்டிக்கொள்ளாமல் நின்றால் போதும். அப்படியே செய்தோம். ஒரு போனஸ் மட்டும் கொடுத்தோம். ஒரு புள்ளியில் ஜெயித்தோம்.

கூட்டம் கூச்சல் போட்டது. சேர் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து, "ஜெயிச்சீங்கப்பா, சரி. கடைசியில கபடி ஆடலையே?" என்றார். அதற்கு எங்கள் கேப்டன் அண்ணன் சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது. "பெரியவரே, அவங்களோட நேருக்கு நேர் ஆட எங்களுக்குத் தெம்பு இல்ல. இருக்கிற ரெண்டு பாயிண்டைக் காப்பாத்தத்தான் தெம்பு இருந்துச்சு."

இந்த இரண்டு பேரில் யார் சொல்வது சரி? பல நாள் யோசித்திருக்கிறேன். இரண்டு பேர் சொல்வதும் சரி என்றுதான் படுகிறது. அதனால்தான் இது சிக்கலான விஷயம்.

உலகத்தில் பெரிய பெரிய ஆட்டங்களும் இதே சிக்கலில் மாட்டியிருக்கின்றன. 1950 நவம்பரில் அமெரிக்காவில் ஒரு கூடைப்பந்து ஆட்டம். ஃபோர்ட் வேய்ன் அணிக்கு எதிரே அந்தக் காலத்தின் பலமான மினியாபொலிஸ் அணி. நேராக மோதினால் தோல்விதான் என்று ஃபோர்ட் வேய்ன்காரர்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நேரம் கடத்தினார்கள். ஸ்கோர் என்ன தெரியுமா? 19-18! கூடைப்பந்தில்! கடைசியில் 1954-ல் 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்று கடிகாரம் வைத்தார்கள். 1990 உலகக் கோப்பைக் கால்பந்தில் 52 ஆட்டத்தில் 115 கோல்தான். கோல்கீப்பரிடமே பந்தைத் திருப்பித் திருப்பிக் கொடுத்து நேரத்தைக் கொல்வார்கள். 1992-ல் விதி வந்தது. சொந்த அணிக்காரன் வேண்டுமென்றே காலால் தள்ளிக் கொடுக்கும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது. நம்ம கிரிக்கெட்டிலும் 1975 உலகக் கோப்பையில் இங்கிலாந்து 334 ரன் எடுத்த ஆட்டத்தில் கவாஸ்கர் 60 ஓவரும் நின்று 174 பந்தில் 36 ரன் எடுத்தார். அவுட்டே ஆகவில்லை!

இந்த விதிகளையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. தடுப்பாட்டத்தைக் கட்டுப்படுத்தும் விதிகள் மூன்று வகை.

முதல் வகை, உயிருக்காக. 1932-33-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போன இங்கிலாந்து அணி, பிராட்மேனை அடக்க உடம்பைக் குறிவைத்துப் பந்து போட்டு, லெக் பக்கம் ஆட்களைக் குவித்தது. பாடிலைன் என்பார்கள். 1957-ல் லெக் பக்கம் பின்னால் இரண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதி வந்தபின் அந்த வியூகத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று. ஆளைக் காயப்படுத்தும் தடுப்புக்கு வழி அடைந்தால் நல்லதுதானே? இதில் வாதமே இல்லை.

இரண்டாம் வகை, ஆடாமல் இருப்பதைத் தடுப்பது. கூடைப்பந்துக் கடிகாரம், கால்பந்தில் கோல்கீப்பர் விதி, நம்ம மூன்றாவது ரைடு எல்லாம் இதில் சேரும். இவை தடுப்பவனைத் தண்டிப்பதில்லை. ஆட்டத்திலிருந்து ஓடுகிறவனைத்தான் இழுத்து வந்து நிறுத்துகின்றன. கவனியுங்கள், மூன்றாவது ரைடில் மாட்டுவது ரைடர்தான். எனக்கு, அதாவது கார்னருக்கு, அது ஒரு பரிசு! அவன் வந்தே ஆகவேண்டும், தொட்டே ஆகவேண்டும். நான் காத்திருக்கலாம். எங்கள் ஊர் அணி அன்றைக்கு ஆடிய ஆறு ரைடில் இந்த விதி இருந்திருந்தால் இரண்டு ரைடாவது உண்மையாக ஆடியிருக்க வேண்டும். அவ்வளவுதானே? மீதி நாலில் பொறுமை காட்டலாம். பொறுமையை விதி ஒழிக்கவில்லை, அளவு வைத்தது.

நம்ம பாடத்தில் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் இடையே கிளியரன்ஸ் விடச் சொல்கிறார்களே, அது போலத்தான். கிளியரன்ஸே இல்லாவிட்டால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அதிகமாக விட்டால் கடகடவென்று ஆடும். நேரம் கடத்துவதற்கும் ஒரு கிளியரன்ஸ் உண்டு. அது இரண்டு ரைடு.

மூன்றாம் வகை, ஒழுங்காகத் தடுக்கிறவனைப் பார்த்து, "நீ இங்கே நிற்காதே, இப்படி யோசிக்காதே" என்பது. பேஸ்பாலில் 2023-ல் செய்தது இதுதான் என்பது என் கருத்து. அங்கே யாரும் ஆட மறுக்கவில்லை. பந்து வந்தது, அடித்தான், நிற்க வேண்டிய இடத்தில் ஒருவன் நின்றான், பிடித்தான். அடிக்கிறவன் பந்தை மறுபக்கம் அடிக்கப் பழகவேண்டும் என்பதுதானே நியாயம்? "ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம்" என்று நம் ஊரில் சொல்வார்கள்.

என் வாதத்துக்கு எதிரான உதாரணம் ஒன்றும் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. 1992 உலகக் கோப்பையிலும் 1996-லும் முதல் 15 ஓவருக்கு வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர்தான் நிற்கலாம் என்று இருந்தது. இதுவும் "அங்கே நிற்காதே" வகைதான். ஆனால் அதைப் பயன்படுத்தி முதல் ஓவரிலிருந்தே அடித்து நொறுக்கிக் கோப்பையை எடுத்தது யார்? சின்ன நாடான இலங்கை! 1996 மார்ச்சில் லாகூரில் ஆஸ்திரேலியாவையே தோற்கடித்தார்கள். ஜெயசூரியாவும் கலுவிதரணவும் அந்த விதியை மற்றவர்களைவிட நன்றாகப் படித்தவர்கள் என்று சொல்லலாம். ஆகவே விதி மாறினால் எளியவன் எப்போதும் தோற்பான் என்று நான் சொல்லவில்லை. விதியை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் எளியவனும் அதற்கு ஏற்றபடி தயாராவான். நான் சொல்ல வந்ததே இந்த இடம்தான்.

போன வருடம் வேறொரு ஊரில் போட்டி. முதல் பரிசு ஒரு ஆட்டுக்கிடா, ஒரு ஷீல்டு. மூன்றாவது ரைடு உண்டு என்று மைக்கில் சொன்னார்கள். சரி என்றோம். அரை இறுதி. நாங்கள் மூன்று பேர்தான் உள்ளே. வந்த ரைடர் நல்ல உயரம். கணுக்காலில் நான் விழுந்தேன், கவரில் இருந்த அண்ணன் இடுப்பில் விழுந்தார், பிடித்துவிட்டோம்! மூன்று பேரோ அதற்குக் குறைவோ நின்று பிடித்தால் அது சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. குதித்துக்கொண்டு எழுந்தால் ஸ்கோர் போர்டில் ஒன்றுதான் ஏறியிருந்தது.

"இந்தப் போட்டியில சூப்பர் கேட்ச் கெடயாதுப்பா" என்றார்கள்.

"டாஸ் போடும்போது சொல்லலையே?" என்று எங்கள் ஆட்கள் சண்டைக்குப் போனார்கள். அப்போது ஊர்ப் பெரியவர்கள் என்னை முன்னால் தள்ளினார்கள். "காலேஜ் படிக்கிற புள்ள, நீ பேசுடா. ரூலு என்னான்னு சொல்லு."

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான்தான். ரேஷன் கடையோ, பாங்க் பாரமோ, "நீ படி, நீ சொல்லு" என்று என்னைத்தான் தள்ளுவார்கள். அன்று மைதானத்திலும் அதுதான் நடந்தது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அண்ணே, மூணாவது ரைடும் சூப்பர் டேக்கிளும் சேர்ந்து வர்ற ரூல். ஒண்ணு வச்சா இன்னொண்ணும் வைக்கணும்" என்றேன். மைக் பிடித்திருந்தவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, இங்க நாங்க வச்சதுதான் ரூலு" என்றார். ஒரு புள்ளியில் தோற்றோம். ஆட்டுக்கிடா வேறு ஊருக்குப் போயிற்று.

வேனில் திரும்பி வரும்போது எனக்கு ஆட்டுக்கிடாவைப் பற்றி வருத்தம் இல்லை. என் அப்பா ஞாபகம்தான் வந்தது. அவர் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். காலையில் மூட்டைக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். சாயங்காலம் காசு வாங்கப் போனால், "அது பெரிய மூட்டைக்கு, இது சின்ன மூட்டை" என்று வேறு கணக்கு சொல்வார்கள். அப்பா எதிர்த்துப் பேசமாட்டார். "அவங்க எழுதி வச்சிருக்காங்கடா, நமக்கு என்னா தெரியும்" என்பார். ஆட்டம் முடிந்தபிறகு விதி சொல்கிறவர்கள் மைதானத்தில் மட்டும் இல்லை நண்பர்களே!

ஊர்ப் போட்டியில்தான் இப்படி என்று நினைத்தால் அதுவும் தவறு. 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம். இந்தியாவும் ஈரானும் 28-28. கடைசி நிமிடங்கள். பவன் செராவத்தின் டூ ஆர் டை ரைடு. யாரையும் தொடாமல் அவர் கோட்டுக்கு வெளியே போய்விட்டார். அவரைத் துரத்திக்கொண்டு ஈரான் ஆட்கள் லாபிக்குள் போய்விட்டார்கள். பழைய விதிப்படி தொடாமலே லாபிக்குள் போன அவர்களும் அவுட். புதிய விதிப்படி ரைடர் மட்டும்தான் அவுட். எந்த விதி என்பதில் தீர்ப்பு மாறி மாறி வந்தது. வீரர்கள் மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்டம் ஒரு மணி நேரம் போல நின்றது. கடைசியில் 33-29 என்று நமக்குத் தங்கம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஈரான் கார்னரில் நின்றவன் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தால்... அன்று இரவு அவனுக்குத் தூக்கம் வந்திருக்குமா?

ஈரான் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். புரோ கபடி ஏலத்தில் முதன்முதலில் ஒரு கோடி ரூபாயைத் தொட்டவர் யார்? 2018-ல் ஈரானின் பஸல் அத்ராசலி. அவர் ரைடர் இல்லை, என்னைப் போல இடது கார்னர்! நம்ம தஞ்சாவூர் மாவட்டத்து தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டி, 2016-ல் பாட்னா அணிக்குக் கேப்டனாக இருந்து கோப்பையை வாங்கினார். அதே வருடம் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அவரும் கார்னர்தான். தடுப்பாட்டத்தைப் பார்க்கச் சலிப்பாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், சேரலாதன் ரைடரின் காலைப் படிப்பதை ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். பிடிப்பது சலிப்பு இல்லை. பிடிக்க வராமலும் பிடிபட வராமலும் இரண்டு அணியும் நேரம் போக்குவதுதான் சலிப்பு.

அதனால் என் முடிவு இது. ஆடாமல் இருப்பதற்கு எதிராக விதி வரட்டும், வரவேற்போம். ஆனால் ஒழுங்காகத் தடுப்பதற்கு எதிராக வரக் கூடாது. தடுப்பவனிடமிருந்து ஒன்றை எடுத்தால் அவனுக்கும் ஒன்றைத் தரவேண்டும். போனஸ் கோடு போட்டபோது, ஆறு பேருக்குக் குறைந்தால் இல்லை என்று தந்தது போல. வேகம் வேண்டும் என்று மூன்றாவது ரைடு வைக்கும்போது, மூன்று பேராய் நின்று போராடுகிறவனுக்குச் சூப்பர் டேக்கிள் தருவது போல. எல்லாவற்றுக்கும் மேலாக, விதி என்ன என்பது ஆட்டத்துக்கு முன்பே எல்லோருக்கும் தெரியவேண்டும். நம் ஊரில் தீபத்துக்கு எந்த ஊர்ப் பஸ் எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே அறிவிக்கிறார்கள் அல்லவா? மலைக்கு வந்து இறங்கிய பிறகு சொன்னால் ஜனம் என்ன ஆகும்!

இனி நம் மாணவர் பேரவை நண்பர்களுக்கு ஒரு கோரிக்கை. இந்த ஆண்டு துறைகளுக்கு இடையே கபடிப் போட்டி வைக்கும்போது, மூன்றாவது ரைடு உண்டா, போனஸ் உண்டா, சூப்பர் டேக்கிள் உண்டா, லாபியில் எந்த விதி என்பதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, ஒரு வாரம் முன்பே நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். மூன்றாவது ரைடையும் சூப்பர் டேக்கிளையும் சேர்த்தே வையுங்கள். எழுத ஆள் இல்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள், எழுதித் தருகிறேன். ஊர்ப் போட்டிக்கும் அதில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் போகலாம் என்று இருக்கிறேன். வரும் பொங்கலுக்கு மைக் பிடிப்பவர் "நாங்க வச்சதுதான் ரூலு" என்று சொன்னால், "சரிண்ணே, அதை இதுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, அப்புறம் டாஸ் போடலாம்" என்று சொல்வதற்கு.

சிவில் துறை ரைடர்களுக்கு ஒரு வார்த்தை: மூன்றாவது ரைடுக்கு வாருங்கள். இடது பக்கம் காத்திருக்கிறேன்!